தாயில்பட்டியில் ஒரு ஜப்பான்காரன்!

2001-ல வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? நொறுங்கிப்போன ஒரு டொயோட்டா சூப்ராவை வண்டியில தூக்கிட்டு வந்து, ஷெட்ல போட்டு வேலை பார்த்து, ஆரஞ்சு கலர் அடிச்சு ரோட்டுல சீறவிடுவாங்களே... ஹாஸ்டல்ல ஒரே லேப்டாப்பைச் சுத்திப் பத்துப் பேர் உட்கார்ந்து அந்த சீனைப் பார்த்துட்டு, 'நாமளும் இப்படி ஒரு வண்டியை எடுத்து...'னு பெருமூச்சு விடாத மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் உண்டா?

நானும் விட்டேன். ஆனா, எனக்கு வாய்ச்ச ஊர் தாயில்பட்டி. வெம்பக்கோட்டை பக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரிசக்காடு, சீமைக்கருவேலம், பட்டாசு ஃபேக்டரி. இங்கே ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காருக்கு எங்கே போறது? அந்த சூப்ராவை டொயோட்டா இந்தியாவுல விற்கவே இல்லை!

அப்போதான் மாமா வீட்டு மாட்டுக் கொட்டகையில, சாக்கைப் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்த ஒரு ஜப்பான்காரன் கண்ணுல பட்டான். யமஹா ஆர்.எக்ஸ். 100. 1992 மாடல். சீட்டுக்கு மேல ஒரு கோழி அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு.

'கார்னு ஆரம்பிச்சு பைக்ல வந்து நிக்கிறியேம்மா'னு முறைக்காதீங்க. ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

சூப்ராவுக்கே சவால்!

அமெரிக்காவுல ஓடின சூப்ரா டர்போவோட இன்ஜின் 2,997 சி.சி. பவர் 320 ஹெச்.பி. ஒரு லிட்டருக்கு வகுத்தா சுமார் 107 வரும். நம்ம ஆர்.எக்ஸ். 100-ஓட இன்ஜின் வெறும் 98 சி.சி. பவர் 11 பி.எஸ். ஹெச்.பி.க்கு மாத்தி, லிட்டருக்கு வகுத்தா சுமார் 110! டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. மாட்டுக் கொட்டகையில கிடந்த வண்டி லிட்டர் கணக்குல சூப்ராவை முந்துது.

காரணம், அது டூ ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் ஒரு தடவை பெட்ரோல் எரியும். டூ ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் எரியும். கேம்ஷாஃப்ட் கிடையாது, தலையில வால்வு கிடையாது. பிஸ்டனே மேலயும் கீழயும் போய் போர்ட்டுகளைத் திறந்து மூடிக்கும். தேர்டு செமஸ்டர்ல போர்டுல படம் வரைஞ்சு புரியாததெல்லாம், சிலிண்டரைக் கழட்டிக் கையில வெச்சுப் பார்த்தப்போ அஞ்சே நிமிஷத்துல புரிஞ்சிடுச்சு.

இவங்க எல்லாம் நம்ம நாட்டுக்குள்ள வந்ததும் ஒரு சுவாரஸ்யமான கதை. 80-கள்ல ஜப்பான் கம்பெனிகள் கூட்டு சேர்ந்து இங்கே பைக் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. 1984-ல நம்ம ஓசூர்ல இருந்து டி.வி.எஸ்.ஸோட இண்ட்-சுசுகி வந்துச்சு. 1985-ல ஹீரோ ஹோண்டா சி.டி. 100. அதே வருஷம் எஸ்கார்ட்ஸ் கம்பெனியோட சேர்ந்து யமஹா இறக்கினதுதான் ஆர்.எக்ஸ். 100. இதுக்கு முன்னாடியே, 1983-ல, 347 சி.சி.யில ரெண்டு சிலிண்டர், ஆறு கியரோட ராஜ்தூத் 350 வந்துடுச்சு. அது யமஹாவோட ஆர்.டி. 350-ஐ அடிப்படையா வெச்சு இங்கே செஞ்சது. அந்தக் காலத்து நம்ம ஊருக்கு அது ரொம்பப் பெரிய வண்டி. ஆனா வீட்டுக்கு வீடு நுழைஞ்சது ஆர்.எக்ஸ். 100-தான். 1996-ல தயாரிப்பு நின்னுடுச்சு. மவுசு மட்டும் நிக்கலை.

வித்துடலாமா?

மாமா பட்டாசு ஃபேக்டரியில போர்மேன். அந்த வண்டியிலதான் இருபது வருஷம் வேலைக்குப் போனார். நான் ரெண்டாம் கிளாஸ் படிக்கும்போது ஃபேக்டரியில ஒரு விபத்து. உயிர் தப்பிச்சார். ஆனா, இடது கை விரல்கள் தீக்காயத்துல சுருங்கி, மடக்க முடியாமப் போச்சு. இடது கையிலதானே கிளட்ச்? அன்னிக்குக் கொட்டகைக்குப் போன வண்டி, பதிமூணு வருஷம் வெளியே வரலை.

போன வருஷம் ஒரு புரோக்கர் வந்தார். "பெங்களூரு பார்ட்டி இருக்கு. இருக்கிற கண்டிஷன்லயே 40 ஆயிரம் தருவாங்க"ன்னார். எனக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். மாமா யோசிக்கவே இல்லை. "குடுத்திருவோம் தாயி. கொட்டகையில கெடந்து துருப்பிடிக்கிறதுக்கு உன் படிப்புக்கு ஆகட்டும்"னார். அம்மா ஃபேக்டரிக்குப் போற ஆளு. 40 ஆயிரம் எங்க வீட்டுல சின்னக் காசு இல்லை. நான்தான், "ஃபீஸுக்கு லோன் போட்டுக்கிறேன் மாமா. வண்டிக்கு அடுத்த தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க"ன்னேன். வீட்டுல திட்டு விழுந்துச்சு. இப்பவும் அப்பப்போ விழுது.

ஜப்பான்ல நிலைமையே வேற. மாஸ்டா கம்பெனி தன்னோட முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார்களைத் தானே புதுப்பிச்சுத் தர்ற திட்டத்தை 2017-ல அறிவிச்சுச்சு. டொயோட்டா, பழைய சூப்ராவுக்கான பார்ட்ஸை மறுபடியும் தயாரிச்சு விற்குது. நமக்கு அப்படி யாரும் கதவைத் தட்டி வர மாட்டாங்க. நம்ம கையில இருக்கிறது பொறுமை, லேத் பட்டறை, அப்புறம் மாமா மாதிரி ஒரு ஆள். அது போதும்னு இப்போ தைரியமாச் சொல்வேன்.

காலண்டர் டெக்னிக்

வண்டி கிடைச்ச உற்சாகத்துல எல்லாரும் பண்ற முதல் தப்பு, ஸ்பானரைத் தூக்கிட்டுப் பாய்றது. அடுத்த தப்பு, கிக்கரை ஓங்கி மிதிக்கிறது. ரெண்டையும் பண்ணாதீங்க பாஸ்! பல வருஷம் நின்ன இன்ஜின்ல பிஸ்டன் ரிங் சிலிண்டரோட துருவுல ஒட்டியிருக்கலாம். பலமா மிதிச்சா ரிங் உடையும், சிலிண்டர் கீறும். பிளக்கைக் கழட்டி, கொஞ்சம் டீசலும் 2டி ஆயிலும் கலந்து ஊத்தி விட்டுடுங்க. எங்க வண்டிக்கு நாலு நாள் ஆச்சு. அஞ்சாவது நாள் கையால மெதுவா அழுத்தினப்போ கிக்கர் இறங்குச்சு பாருங்க... கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆனாக்கூட அவ்வளவு சந்தோஷம் வராது!

அடுத்து, கழட்டுறது. எங்க ஊருக்குப் பக்கத்துல விஜயகரிசல்குளத்துல 2022-ல இருந்து தொல்லியல் துறை வெம்பக்கோட்டை அகழாய்வு நடத்தினாங்க. ஸ்கூல்ல இருந்து வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். ஒரு சங்கு வளையல் துண்டு கிடைச்சாக்கூட எந்தக் குழி, எவ்வளவு ஆழம்னு எழுதி, போட்டோ எடுத்த பிறகுதான் நகர்த்துவாங்க. பைக் கழட்டுறதும் அதே வேலைதான். இருந்த இடம் தெரியாத போல்ட், வெறும் இரும்பு.

எனக்குக் கைகொடுத்தது சிவகாசி காலண்டர்! ஒவ்வொரு நாளும் அன்னிக்கான தாளைக் கிழிச்சு, பின்பக்கம் 'கார்புரேட்டர், இடது போல்ட் 2'னு எழுதி, கழட்டின சாமான்களோட சேர்த்து டப்பாவுல போட்டு வெச்சேன். மாட்டும்போது தேதியைப் பின்னாடியிருந்து முன்னாடி பார்த்துக்கிட்டே வந்தா போதும். ராகு காலம், எமகண்டம் எல்லாம் போனஸ்!

காலி டேங்க்... கவனம்!

இப்போ சொல்லப்போறதை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

டேங்க் அடியில ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. பெட்ரோல் ஆவியாகிப் பல வருஷம் ஆச்சு, உள்ளே ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன். இருந்தும் துருவை அலச ஒரு லிட்டர் பெட்ரோல் ஊத்திக் குலுக்கி, கவுத்துட்டேன். 'காலி' டேங்கைத் தூக்கிக்கிட்டு வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பினேன். வாசல்ல மாமா. மோந்து பார்த்தார். டேங்கைப் பிடுங்கி வேப்பமரத்தடியில வெச்சுட்டு, அந்தச் சுருங்கின கையைக் காட்டினார்.

"நெறைஞ்ச டப்பாவை எல்லாரும் பயந்து தொடுவாங்க தாயி. காலி டப்பான்னு நெனைச்சுத் தொடுறவன்தான் சாவான்."

அதுவரைக்கும் விபத்தைப் பத்தி மாமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்னிக்கும் அதுக்கு மேல பேசலை.

ராத்திரி புத்தகத்தைப் புரட்டினேன். காத்துல பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவிகிதத்துல இருந்து 7.6 சதவிகிதம் வரைக்கும் இருந்தா தீப்பிடிக்கும். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தா மேலே இருக்கிற கொஞ்ச இடத்துல ஆவி அதிகம், காத்து குறைச்சல். 'காலி' டேங்க்லதான் மிச்சம் மீதி ஆவியும் காத்தும் சரியான அளவுல கலந்து, ஒரு பொறிக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். அதுக்காக நிறைஞ்ச டேங்க் பக்கம் நெருப்பு கொண்டு போகலாம்னு அர்த்தம் இல்லை! ஒரு டேங்க் காலியா இல்லையான்னு கண்ணு சொல்லாதுன்னுதான் அர்த்தம்.

அதுக்கப்புறம் எங்க கொட்டகையில ஃபேக்டரி ரூல்ஸ் அமலுக்கு வந்துடுச்சு:

* பெட்ரோல் வேலை எல்லாம் திறந்தவெளியில, பகல்ல மட்டும். பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனமானது. தரையோட தரையாப் போய், அடுத்த ரூம் அடுப்பைக்கூடத் தொடும்.
* பார்ட்ஸ் கழுவ பெட்ரோல் வேண்டாம், டீசல் போதும். அதுவும் எரியும்தான், ஆனா பெட்ரோல் அளவுக்குத் தீப்பிடிக்கிற ஆவி விடாது.
* வேலைக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டி வெளியே வை. பக்கத்துல கிரைண்டர், வெல்டிங், மொபைல் சார்ஜர் எதுவும் கூடாது.
* நைலான் துப்பட்டா, சில்க் டாப்ஸுக்குத் தடா. காட்டன்தான். பட்டாசு ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி செம்புத் தகட்டைத் தொட்டு உடம்புல இருக்கிற நிலைமின்சாரத்தை இறக்கிட்டுத்தான் போவாங்க. பெட்ரோலுக்கும் அதே மரியாதை.
* ஒரு வாளி மணல் எப்பவும் பக்கத்துல.

டேங்க் என்னாச்சு? சோப்புத் தண்ணி விட்டுப் பல தடவை அலசினோம். மளிகைக் கடையில கிடைக்கிற எலுமிச்சை உப்பை வெந்நீர்ல கரைச்சு ஊத்தி ஒரு ராத்திரி ஊற வெச்சோம். துரு கரைஞ்சு டீ டிகாஷன் மாதிரி வந்துச்சு. சோடா உப்பு கலந்த தண்ணியில அலசி, வெயில்ல காய வெச்சு, உடனே உள்ளே 2டி ஆயில் புரட்டினோம். இல்லேன்னா ஒரே நாள்ல மறுபடியும் துரு பூத்துடும். ஓட்டையை அடைச்சது வெல்டிங் இல்லை, எபாக்ஸி பேஸ்ட். நெருப்பே இல்லாம முடியற வேலைக்கு நெருப்பு எதுக்கு?

லேத் பட்டறையில் நான்

சிலிண்டர் போரிங்குக்கு சிவகாசி லேத் பட்டறைக்குப் போனேன். அச்சு மெஷின் ரோலர்களுக்கு நடுவுல என் குட்டி சிலிண்டர். "கூட யாரும் வரலியாம்மா?"ன்னார் பட்டறைக்கார அண்ணாச்சி. "நான்தான் வந்திருக்கேனே"ன்னேன். சிரிச்சுட்டு போர் கேஜைக் கையில குடுத்து, "அப்ப நீயே அளந்து சொல்லு"ன்னுட்டார். லேப்ல பத்துப் பேருக்கு ஒரு கேஜ். இங்கே எனக்கே எனக்குன்னு ஒண்ணு!

ஆர்.எக்ஸ். 100 சிலிண்டரோட போர் 50 மில்லிமீட்டர். தேய்மானத்தைப் பொறுத்து 0.25, 0.50னு படிப்படியா பெருசு பண்ணி, அதே ஓவர்சைஸ் பிஸ்டனைப் போடுவாங்க. எங்களுக்கு 0.50. இதுல ஒரு டிப்ஸ்: முதல்ல பிஸ்டனை வாங்கிட்டு, அதை அளந்து அதுக்கு ஏத்த மாதிரி போர் பண்ணச் சொல்லுங்க. போர் பண்ணிட்டு பிஸ்டன் தேடினா இடைவெளி சரியா அமையாது.

பார்ட்ஸ் தேடி அலையறவங்களுக்கு சென்னை புதுப்பேட்டை ஒரு சுரங்கம். ஆனா, பில் இல்லாத இன்ஜின், நம்பர் அழிச்ச சேஸிஸ் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க. யாரோ ஒருத்தரோட திருடு போன வண்டியா இருக்கலாம். 'ஒரிஜினல் ஜப்பான் இன்ஜின்'னு விலையை ஏத்துறவங்ககிட்டேயும் உஷார்.

செலவு? போரிங், பிஸ்டன் கிட் 4,500 ரூபாய். கிராங்க் வேலை, பேரிங், ஆயில் சீல் 5,000. டயர், டியூப் 4,000. எலி தின்ன வயரிங் 1,800. கார்புரேட்டர் கிட், கேபிள், பிரேக் ஷூ 3,500. மொத்தம் 18,800. எட்டு மாசம் டியூஷன் எடுத்த காசு. பெயின்ட் அடிக்கலை. மாமாவோட சாப்பாட்டுத் தூக்கு உரசி உரசி டேங்க்ல விழுந்த கோடு அப்படியே இருக்கு. அதை அழிக்க எனக்கு மனசு வரலை.

ஆயில் இல்லேன்னா அவ்வளவுதான்

டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் உயவு, பெட்ரோலோட சேர்ந்து எரியற 2டி ஆயில்தான். ஆர்.எக்ஸ். 100-ல ஆட்டோலூப்னு ஒரு பம்ப் தனி டேங்க்ல இருந்து ஆயிலை எடுத்து இன்ஜினுக்கு அனுப்பும். பல வருஷம் நின்ன வண்டியில அந்தக் குழாய்ல காத்து அடைச்சிருக்கும். பம்ப் சுத்தும், ஆயில் வராது, சில நிமிஷத்துல புது பிஸ்டன் இறுகிடும். காத்தை வெளியேத்த நான் மறந்தே போயிட்டேன்! வண்டியைக் காப்பாத்தினது மாமாவோட பழக்கம். "மொத டேங்குக்குப் பெட்ரோல்லயும் ஆயில் கலந்துக்க"ன்னு லிட்டருக்கு 20 மில்லி ஊத்த வெச்சிருந்தார். ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி. ஃபேக்டரி ரூம்ல ரெண்டு வாசல் வைக்கிறதும் அதுக்குத்தானாம்.

புகையைப் பத்தியும் ஓப்பனா பேசிடுவோம். டூ ஸ்ட்ரோக்ல எரியாத பெட்ரோல் கொஞ்சம் சைலன்ஸர் வழியா அப்படியே வெளியே போகும். மாசு விதிமுறைகள் இறுக இறுக இந்த வண்டிகள் மறைஞ்சதுக்கு அதுதான் காரணம். அதனால இதை தினமும் காலேஜுக்கு ஓட்ட வேண்டாம். ஓட்டுற அன்னிக்கு ஒழுங்கா ஓட்டுவோம். குறைவாப் புகை விடுற 'ஜாசோ எஃப்.சி.' தர 2டி ஆயில், சுத்தமான ஏர் ஃபில்டர், கார்பன் சுரண்டின சைலன்ஸர்... இந்த மூணும் இருந்தா புகை நல்லாவே குறையும். சைலன்ஸருக்குள்ள இருக்கிற குழாயைக் கழட்டிட்டு தெருவையே அலற விடுறது கெத்து இல்லை மக்களே!

இன்னொரு புதுத் தலைவலி, இ20 பெட்ரோல். இப்போ பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல 20 சதவிகிதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய், கேஸ்கெட்டை உப்ப வெச்சுடும். அதனால பெட்ரோல் டியூப், ஓ-ரிங் எல்லாத்தையும் புதுசா மாத்திடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல வண்டியை நிறுத்துறதா இருந்தா கார்புரேட்டரை வடிச்சுடுங்க.

பேப்பர் வேலையும் வேலைதான்!

ஆர்.சி. புக்ல இருக்கிற இன்ஜின், சேஸிஸ் நம்பரும் வண்டியில இருக்கிறதும் ஒண்ணான்னு முதல் நாளே பாருங்க. இல்லேன்னா உங்க உழைப்பு அத்தனையும் ஷோகேஸ்லதான். சொந்த வண்டிக்கு பதிவு 15 வருஷம். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டின பைக்குக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட்ல 2,000 ரூபாயா உயர்ந்துடுச்சு. பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் தனி. 2021-ல வந்த 'வின்டேஜ்' வண்டி விதி, 50 வருஷம் தாண்டினாத்தான் பொருந்தும். 1985-ல பொறந்த முதல் ஆர்.எக்ஸ். 100-ஏ 2035 வரைக்கும் காத்திருக்கணும்!

எஃப்.சி. முடிஞ்சது, தீபாவளி கழிஞ்சு ஃபேக்டரி லீவுல இருந்த ஒரு சாயங்காலம். மூணாவது கிக். 'டர்ர்ர்...' கொட்டகைக் கோழிகள் எல்லாம் தெறிச்சு ஓடுச்சு. அம்மா வாசலுக்கு வந்து பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம உள்ளே போய் ரெண்டாவது ஹெல்மெட்டை எடுத்துட்டு வந்தாங்க. மாமா பின்னாடி உட்கார்ந்தார். வெம்பக்கோட்டை ரோட்டுல நாற்பதைத் தாண்டாம ஓட்டினேன். புது பிஸ்டன், பழகணும். வழியில ரெண்டு பேர் மாமாவை நிறுத்தி விசாரிச்சாங்க. "மருமக ஓட்டுறா"ன்னு மட்டும் சொன்னார்.

திரும்பி வர்ற வழியில என் தோள்ல தட்டினார். ஏதோ உருக்கமாச் சொல்லப்போறார்னு காதைக் கொடுத்தேன்.

"ரெண்டாவது கியர்ல ஒரு சத்தம் வருது பாரு. செயின் லூஸா இருக்கு. நாளைக்குக் காலையில பார்க்கணும்."

பார்த்தோம். லூஸாத்தான் இருந்துச்சு!

உங்க வீட்டுக் கொட்டகை, மாடிப்படி அடி, பெரியப்பா வீட்டுத் தாழ்வாரம்... எங்கேயாவது ஒரு ஜப்பான்காரன் சாக்குக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க. கிக்கரை மட்டும் மிதிச்சுடாதீங்க. முதல்ல, அந்த வண்டியை ஓட்டின ஆளைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசுங்க!